மலைக்குப் பின்னால் இருபத்தைந்து நிமிடம்

லீலாவதி டீச்சரைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. யார் மேல் என்று கேட்டால் ஒரே ஆளைக் கைகாட்ட முடியாது. அவருடைய மாமனார் மேல் கொஞ்சம், வீட்டுக்காரர் மேல் நிறைய, எங்கள் ஹெட்மாஸ்டர் மேல் கொஞ்சம், செஞ்சிக்கு மேற்கே மறித்துக்கொண்டு நிற்கும் ராஜகிரி மலை மேல்கூடக் கொஞ்சம். என் மேலும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் அனந்தபுரம் போகிற ரோட்டில், செஞ்சியிலிருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளி இருந்த ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்த்தோம். நான் கமர் ஜஹான், அறிவியல் டீச்சர். அவர் கணக்கு டீச்சர். என்னைவிட நாலு வயது மூத்தவர் என்பதால் நான் அக்கா என்பேன். அவருக்கு நான் கமரு. காலையில் எட்டு இருபது பஸ்ஸில் ஒன்றாகப் போய், சாயங்காலம் நாலு பத்து பஸ்ஸில் ஒன்றாகத் திரும்புவோம். பதினோரு வருடம் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த பழக்கம்.

1986 ஜூலையில் அவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. முப்பத்தெட்டு வயது. தண்ணீர்த் தாகமும் கால் மதமதப்புமாக இருந்தவரை நான்தான் லேடி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதோடு, தினமும் அரை மணி நேரம், நடுவில் நிற்காமல், வேகமாக நடக்க வேண்டும் என்றார்.

"காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் நடந்துகிட்டேதான் இருக்கேன் டாக்டர். கொழா, அடுப்பு, கெணறு, பஸ் ஸ்டாண்டு."

"அது நடை இல்லம்மா, அலைச்சல். ரெண்டும் வேற."

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். மாத்திரையும் நடையுமாகச் சேர்ந்து வருடக் கடைசிக்குள் சர்க்கரையைக் குறைக்காவிட்டால் தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியதுதான். லீலா அக்கா தமிழ் ஜைனக் குடும்பம். எந்த மருந்தைக் கொடுத்தாலும் அது எதிலிருந்து வருகிறது என்று கேட்காமல் வாயில் போடமாட்டார். இதற்கும் கேட்டார். டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: மாட்டின் கணையத்திலிருந்தும் பன்றியின் கணையத்திலிருந்தும் எடுக்கிறார்கள் என்று.

"தோபா தோபா" என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அக்கா வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, "நடந்துடறேன் கமரு. எப்பாடு பட்டாவது நடந்துடறேன். அந்த ஊசி மட்டும் என் ஒடம்புல ஏறக்கூடாது" என்றார்.

வீட்டில் சர்க்கரை என்று மட்டும் சொன்னார். ஊசி எதிலிருந்து வருகிறது என்பதைச் சொல்லவில்லை. சொல்லவே கூசியது அவருக்கு. மாமனார் தர்மநாதன் நைனார், "நடக்கறது நல்லதுதாம்மா, நட" என்றார். வீட்டுக்காரர் ஜினசேனன் மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்தார். அவரும், "டாக்டர் சொன்னா கேக்க வேண்டியதுதான்" என்றார். தாராளமான மனிதர்கள். நடக்கச் சொல்வதற்கு இரண்டு பேரும் தயார். அரை மணி நேரம் எங்கிருந்து வரும் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

கணக்கு டீச்சர் அல்லவா, அக்கா டைம்டேபிள் போட்டார். பள்ளிக்கூடத்து நீளத்தாளில் கட்டம் கட்டி, நாலரை மணி குழாய்த் தண்ணீர், ஐந்து கால் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடத்தில் ஊற்றுவது, ஐந்தரை அடுப்பு, ஏழு மணிக்கு மூன்று பேருக்கும் மத்தியானச் சாப்பாடு கட்டி வைப்பது, ஏழேகால் துணி, எட்டு மணிக்குக் குளித்துத் தலைவாரி எட்டு இருபதுக்கு பஸ் என்று எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினார். அதில் 'நடை' என்று ஒரு கட்டத்துக்குப் பச்சை மையில் கோடு போட்டிருந்தார். அந்தப் பச்சைக் கட்டம் முதல் வாரம் காலையில் இருந்தது, இரண்டாவது வாரம் மத்தியானத்துக்குப் போனது, மூன்றாவது வாரம் சாயங்காலத்துக்கு வந்தது.

"பி.டி. பீரியடக் கணக்கு வாத்தியாருங்க புடுங்கிக்குவாங்கல்ல, அது மாதிரி ஆயிடுச்சு" என்றார் ஒரு நாள் பஸ்ஸில்.

"பதினோரு வருசமா புள்ளைங்க பி.டி. பீரியடப் புடுங்கனது நீங்கதானக்கா."

"அந்தப் பாவம்தான் போல" என்று சிரித்தார். அப்போது சிரிக்க முடிந்தது.

காலை நடை ஏன் நிலைக்கவில்லை என்றால், நாலரை மணிக்கு முன்னால் கிளம்பினால் நாய் துரத்தியது; நாலரைக்குப் பிறகு குழாய்த் தண்ணீர் பிடிக்கிற வேலை ஆளை விடாது. ஒரு நாள் இருட்டோடு வேகமாக நடந்து போனவரைப் பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "யாருக்கு இன்னா ஆச்சு டீச்சர்?" என்று கேட்டுவிட்டார். அந்தக் காலத்தில் செஞ்சியில் ஒரு பெண் கையில் ஒன்றும் இல்லாமல் வேகமாக நடந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், இல்லாவிட்டால் துக்க வீட்டுக்குப் போகிறாள் என்றுதான் அர்த்தம். மத்தியான நடை இதைவிட மோசம். சாப்பாட்டு இடைவேளையில் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி நடந்தார். மூன்றாவது நாள் ஹெட்மாஸ்டர் சுந்தரமூர்த்தி சார் வராந்தாவிலிருந்து பார்த்துவிட்டு, "டீச்சர், சும்மாத்தான் சுத்திகிட்டு இருக்கீங்க, அந்தச் சத்துணவு வரிசையக் கொஞ்சம் பாத்துக்குங்களேன்" என்றார். நடை போய், கரண்டி வைத்திருந்த சத்துணவு ஆயா சின்னப்பொண்ணு பக்கத்தில் நின்று தட்டு எண்ணுகிற வேலை வந்து சேர்ந்தது.

மிச்சம் இருந்தது சாயங்காலம். அதற்கு நல்ல வழி இருந்தது. பஸ் ஊருக்குள் நுழைவதற்கு ஒன்றரை மைல் முன்னால் ஒரு புளியமர ஸ்டாப்பிங் உண்டு. நாலு இருபத்திரண்டுக்கு அங்கே இறங்கினால் நேராக நடந்து நாலு ஐம்பத்தைந்துக்கு வீட்டுக்குப் போய்விடலாம். அரை மணி நேர நடை கச்சிதமாக அதில் அடங்கும். ஆனால் அக்கா வீட்டில் சாயங்காலச் சாப்பாடு ஐந்து பத்துக்குள் முடிந்தாக வேண்டும். பதினைந்து நிமிடத்தில் யார் வந்து சமைப்பது?

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஜைனர்கள் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடமாட்டார்கள். அநஸ்தமி என்பார்கள். அஸ்தமனத்துக்கு முன்னால் கையைக் கழுவிவிட வேண்டும். இருட்டில் சோற்றில் பூச்சி விழுந்து ஓர் உயிர் போய்விடக் கூடாது என்பதற்காக. இப்போது எல்லாரும் அவ்வளவு கறாராக இருப்பதில்லை, ஆனால் தர்மநாதன் நைனார் இருந்தார். எழுபத்து நாலு வயது வரை ஒரு நாள் தவறவில்லை. மறுநாள் காலை வரை பல்லில் தண்ணீர்கூடப் படாது என்பதால் அந்த ஒரு வேளைக்குச் சூடான சோறும் குழம்பும் வேண்டும். விரதம் அவருடையதுதான், ஆனாலும் அவர் கை கழுவிய பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரியாது, யாரும் தட்டு எடுக்கவும் மாட்டார்கள். விளக்கு வைத்த பிறகு மருமகள் நடைப்பயிற்சி என்று தெருவில் இறங்குவதும் இல்லை.

அதனால் அக்கா ஸ்டாண்டு வரை பஸ்ஸிலேயே வந்து, இறங்கி ஓடி, நாலு முப்பத்தைந்துக்கு அடுப்பைப் பற்றவைப்பார். பெரியவர் கூடத்து ஜன்னலுக்கு நேராக நாற்காலியைப் போட்டுக்கொண்டு மலையைப் பார்ப்பார். சூரியன் ராஜகிரியின் முதுகைத் தொட்டதும், "பொழுது எறங்குதும்மா" என்று குரல் கொடுப்பார். மழைக்காலத்தில் மேகம் மூடிவிட்டால் இன்னும் மோசம். எதற்கு வம்பு என்று நாலே முக்காலுக்கே குரல் வந்துவிடும்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, அரைப் பரீட்சைத் தாள் வாங்குவதற்காக அவர் வீட்டுக்குப் போனேன். பெரியவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜினசேனனும் பக்கத்தில் மணையில் உட்கார்ந்திருந்தார். அக்கா பரிமாறிக்கொண்டிருந்தார். ஜன்னலில் வெயில் மறைந்ததும் பெரியவர் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினார். அக்கா தனக்கென்று எடுத்து வைத்திருந்த தட்டை அப்படியே கவிழ்த்தார்.

"நீங்க சாப்டலையாக்கா?"

"பொழுது போயிடுச்சே."

"மாத்திர போட்டீங்களா?"

"போட்டேன்."

மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு இருக்கிறார். மாமனார் எதிரில் என்ன சொல்ல முடியும், தாளை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். கடைவீதியில் நூல்கண்டு வாங்கினேன், ஒரு சிநேகிதியோடு நின்று பேசினேன், மெதுவாக எங்கள் தெருவுக்கு வந்தேன். வாசற்படியில் கால் வைக்கும்போது பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு சொன்னார்கள்.

எனக்குப் பளிச்சென்று உறைத்தது. மக்ரிப் பாங்கு சூரியன் அஸ்தமித்தவுடன் சொல்வது. வாட்சைப் பார்த்தேன். ஐந்து நாற்பத்திரண்டு. பெரியவர் கை கழுவியது ஐந்து பன்னிரண்டுக்கு. அப்படியானால் இந்த ஊரில் இரண்டு சூரியனா?

ஒரே சூரியன்தான். மலைக்குப் பின்னால் போனதை அஸ்தமனம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். மலையை எடுத்துவிட்டால் அது இன்னும் இருபத்தைந்து, முப்பது நிமிடம் அந்தப் பக்கம் மேலேயேதான் இருக்கும். பதினோரு வருடமாக ஏழாம் வகுப்புக்குச் சூரிய உதயம், அஸ்தமனம், நிழல் எல்லாம் நடத்துகிற எனக்கு இது தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அக்கா வீட்டுத் தெருவில் நிழல் விழுந்த பிறகும் ஊருக்குக் கிழக்கே வயல்வெளியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அதைத் தினமும் பார்த்திருக்கிறோம், இரண்டு பேருமே அதை என்னவென்று கேட்டதில்லை.

என் வீட்டுக்காரர் கரீமிடம் சொல்லிப் பள்ளிவாசல் பலகையில் இருக்கும் நேரங்களை எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். பஞ்சாங்கத்திலும் பார்த்தேன். இரண்டும் ஒன்றாக, ஐந்து நாற்பது என்று சொன்னது. திங்கட்கிழமை பஸ்ஸில் அக்காவிடம் தாளை நீட்டினேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். நாலு ஐம்பத்தைந்துக்கு வீடு, சமையலுக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து நாற்பது நிமிடம், ஐந்து முப்பத்தைந்துக்கு முடித்துவிடலாம், அஸ்தமனத்துக்கு இன்னும் ஐந்து நிமிடம் மிச்சம்.

"கல்யாணமாயி வந்து பதினாறு வருசமா தெனமும் இருபத்தஞ்சு நிமிசம் கமரு" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

அன்று சாயங்காலமே மாமனாரிடம் பஞ்சாங்கத்தைக் காட்டியிருக்கிறார். "எங்கப்பாவும் மலையப் பாத்துதாம்மா சாப்ட்டாரு" என்றாராம் அவர். ஆனாலும் தர்மநாதன் நைனார் வீம்புக்காரர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். சந்தேகம் என்று வந்துவிட்டால் தெரிந்தவர்களிடம் கேட்டுவிடுவது அவர் வழக்கம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து, ஜைன மடம் இருக்கிற மேல்சித்தாமூருக்கே போனார். அங்கே மடத்துக்கு வந்திருந்த, சாஸ்திரம் படித்த ஒருவரிடம் கேட்டுவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை பஸ்ஸில் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு பயமாகிவிட்டது.

"இன்னாக்கா, ஒத்துக்கலையா?"

"ஒத்துகிட்டாரு. மலைல மறையறது அஸ்தமனம் இல்லன்னு சொல்லிட்டாங்களாம்."

"அப்பறம் இன்னா?"

"சரியான அநஸ்தமின்னா அஸ்தமனத்துக்கு ரெண்டு நாழிகைக்கு முன்னாடியே முடிக்கணுமாம். அதையும் சொல்லி அனுப்பிட்டாங்க."

ஒரு நாழிகை இருபத்து நாலு நிமிடம். இரண்டு நாழிகை நாற்பத்தெட்டு. ஐந்து நாற்பதில் அதைக் கழித்தால் நாலு ஐம்பத்திரண்டு. முன்பு ஐந்து பத்து வரையாவது நேரம் இருந்தது. நான் வாயைத் திறந்து, பாங்கு நேரத்தை எழுதிக் கொடுத்து, அதையும் பதினெட்டு நிமிடம் முன்னால் இழுத்துவிட்டேன்.

என் மேலும் கோபம் உண்டு என்றேன் அல்லவா, அது இதுதான். அந்த மலை பாட்டுக்கு ஒரு ஓரமாக மறைத்துக்கொண்டு நின்றிருக்கும். புத்திசாலித்தனமாகப் போய் அதை நோண்டியவள் நான்.

பெரியவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுபது வருடம் தப்பாகச் சாப்பிட்டுவிட்டோமே என்று இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லையாம். மூன்றாம் நாளிலிருந்து கூடத்துக் கடிகாரத்தைத் துடைத்து, நாலு ஐம்பத்திரண்டு என்று பிடித்துக்கொண்டார். நாலரைக்கு ஸ்டாண்டில் இறங்குகிறவர் எப்படிச் சமைத்துப் போடுவார்? அக்கா ஹெட்மாஸ்டரிடம் போய், கடைசி பீரியடை மாற்றிக்கொண்டு மூன்றரைக்குப் போக அனுமதி கேட்டார். "வீட்டு வேலைக்கெல்லாம் பர்மிஷன் குடுத்தா ஸ்கூல நான் தனியாத்தான் நடத்தணும்" என்றார் சுந்தரமூர்த்தி சார். ஜினசேனனிடம் நீங்கள் ஒரு வேளை அடுப்பைப் பற்றவைக்கக் கூடாதா என்று கேட்கத்தான் கேட்டிருக்கிறார். மண்டியில் மூட்டை வரும் நேரமாம். மூட்டை வரும் நேரத்தில் சாப்பிட மட்டும் வீட்டுக்கு வர முடிந்தது அந்த மனிதரால்.

முடிவில், டைம்டேபிளில் நாலரை என்று இருந்தது மூன்றே முக்கால் ஆனது. சாயங்காலச் சமையலையும் காலையிலேயே முடித்து மூடி வைத்துவிட்டு வந்தார். பச்சை மைக் கட்டத்தை ஒரே கோடாக அடித்துவிட்டார். தூக்கமும் போனது, நடையும் போனது. பெரியவருக்கு ஆறின சோறு நாலு நாள் இறங்கியது, ஐந்தாம் நாள் வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. கோபிக்கவெல்லாம் இல்லை, சாப்பாட்டையே விட்டுவிட்டார். அதுதான் தாங்க முடியாதது. "நைனா பட்டினியா இருக்காரு" என்று ஜினசேனன் இரண்டு முறை சொன்னாராம், இவர் என்னமோ சோற்றைப் பூட்டி வைத்திருப்பதுபோல. மாமனார் பட்டினி கிடக்கும்போது மருமகள் மட்டும் எப்படிச் சாப்பிடுவாள்? இவரும் சாப்பிடவில்லை. மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டார்.

நான் அறிவியல் டீச்சர் என்பதால் எங்கள் பள்ளிக்கூட அலமாரியில் பெனடிக்ட் கரைசல் ஒரு பாட்டில் இருந்தது. சனிக்கிழமை பிள்ளைகள் போன பிறகு சோதனைக் குழாயில் அந்த நீல மருந்தை ஊற்றி, அக்கா கொடுக்கும் சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டுவேன். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். பிறகு மஞ்சள், ஆரஞ்சு. செங்கல் நிறம் வந்தால் எல்லாவற்றுக்கும் மேல். ஜூலையில் ஆரஞ்சு. டிசம்பர் முதல் சனிக்கிழமை, குழாய் சூடாகி முடிப்பதற்குள் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். திங்கட்கிழமை டாக்டரும் அதையே சொன்னார். பொங்கல் வரை பார்க்கலாம், அதற்குள் பச்சைக்கு வராவிட்டால் ஊசியை ஆரம்பித்துவிடலாம் என்றார்.

அந்த வாரம் வியாழக்கிழமை பஸ் ஸ்டாண்டில் இறங்கியவர் நாலு அடி வைத்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. உதடு கோணிக்கொண்டு பேச்சு குழறியது. மாத்திரையும் பட்டினியும் சேர்ந்து வேலை செய்திருக்கிறது. பெட்டிக்கடையில் ஒரு கலர் சோடா வாங்கி வாயில் ஊற்றினேன். சர்க்கரைக்காரிக்குக் கலர் வாங்கிக் கொடுக்கிற நிலைமை. கால் மணி நேரம் கழித்து எழுந்தார். கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

மணி ஐந்து. மலைக்கு மேல் சூரியன் இன்னும் இரண்டு விரற்கடை உயரத்தில் இருந்தது. பெரியவர் கூடத்தில் கடிகாரத்துக்கு நேராக உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"இன்னாம்மா ஆச்சு?"

"மயக்கம் வந்துடுச்சு மாமா" என்றேன் நான். அக்கா மாமா என்பதால் எனக்கும் அவர் மாமாதான்.

"சாப்ட்டா செரியாயிடும். ஆனா மணி அஞ்சு ஆயிடுச்சே" என்றார் அவர். ஏமாற்றமாகச் சொன்னாரே தவிர, குத்தலாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையில் அக்காவுக்கு எதுவோ அறுந்துபோனது.

"மாமா, அநஸ்தமி எதுக்குன்னு சொல்லுங்க."

"இது இன்னா கேள்வி? இருட்டுல பூச்சி பொட்டு சோத்துல வுழுந்துடும். உசிரு போவும். அதுக்குத்தான்."

"அந்தப் பூச்சிக்காகத்தான் நான் மூணே முக்காலுக்கு எழுந்துக்கறேன். அந்தப் பூச்சிக்காகத்தான் ஓடி வரேன். தப்புன்னு சொல்லல. ஆனா பொங்கலுக்கு அப்பறம் எனக்கு தெனமும் ஊசி போடப் போறாங்க. அது இன்னாத்துல செய்யறாங்க தெரியுமா? மாட்டு கணையம். பன்னி கணையம். உசுரக் கொன்னு எடுக்கற மருந்து, சாவற வரைக்கும் என் ஒடம்புல ஏறப் போவுது. நடந்தா அது வேணாம். அர மணி நேரம் நடந்தா வேணாம். அந்த அர மணி நேரம் இந்த வீட்ல இல்ல."

அழவில்லை. குரலும் உயரவில்லை. வகுப்பில் கணக்கை விடை வரை கொண்டுபோய் நிறுத்துவதுபோலச் சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

தர்மநாதன் நைனாரின் முகம் வெளுத்துவிட்டது. "பன்னியா?" என்றார். "நெஜமாத்தானா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் தலையாட்டினேன். அப்போதுதான் ஜினசேனன் உள்ளே வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இன்னும் தட்டு போடலையா?" என்றார்.

பெரியவர் சமையலறைக்குள் போனார். டப்பாக்களைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு வாசலுக்கு வந்து நின்று, கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டார்.

"அவல் டப்பா எங்கம்மா இருக்குது?"

எழுபத்து நாலு வயதில் தன் வீட்டு அவல் டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாத மனிதர். மேல் தட்டு, இடது பக்கம் என்றார் அக்கா. "நாளைலேர்ந்து சாயங்காலம் எனக்கு அவல் போதும். நாலரைக்கு மோர்ல ஊற வெச்சு நானே சாப்ட்டுக்கறேன். அவனுக்கும் அதான்" என்று மகனைக் காட்டினார். "நீ நடந்து வந்து பொழுதுக்குள்ள ஒனக்கு மட்டும் செஞ்சு சாப்புடு."

அவ்வளவுதான். ஒரு பிடி அவல், ஒரு கிண்ணம் மோர். ஒரு மாதமாக எந்த மலை மறைக்கிறது, எந்த நாழிகை இழுக்கிறது என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டோம். வழி மேல் தட்டில் இடது பக்கம் இருந்திருக்கிறது. எனக்கு அன்று சந்தோஷமே வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

மறுநாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் புளியமரத்தில் இறங்கினோம். கண்டக்டர், "ஸ்டாண்டு இன்னும் வரலையே டீச்சர்" என்று ஒரு வாரம் கேட்டார், பிறகு விட்டுவிட்டார். டி.வி.எஸ். பிப்டியில் போகிறவர்கள் நிறுத்தி, "பஸ்ஸ வுட்டுட்டீங்களா? குந்துங்க" என்பார்கள். இல்லை, நடக்கிறோம் என்றால் நம்பமாட்டார்கள். டைம்டேபிளில் அடித்த கட்டத்துக்குப் பக்கத்தில் அக்கா மறுபடியும் பச்சைக் கோடு போட்டார். பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை குழாயைச் சூடாக்கினேன். நீலம் கலங்கி, மஞ்சளுக்குப் போகப் பார்த்து, பச்சையில் நின்றது. டாக்டர் ஊசி வேண்டாம் என்றார்.

அன்று நடந்து வரும்போது எனக்கு மனசு இளகியிருந்தது. "பெரியவரு நல்ல மனுசன்தான்கா. ஒரே நாள்ல மாறிட்டாரு பாருங்க" என்றேன்.

அக்கா நடையைக் குறைக்கவில்லை. எதிரே மலைக்கு மேல் இருந்த வெயில் அவர் முகத்தில் அடித்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொன்னார்.

"எனக்கு சுகர்னு ஜூலைலயே சொன்னேன் கமரு. கால் மரத்துப் போவுதுன்னு சொன்னேன். தல சுத்துதுன்னு சொன்னேன். அப்பல்லாம் அந்த டப்பாவ யாரும் தேடல. பன்னின்னு சொன்னதுக்கு அப்பறம்தான் தேடுனாங்க."

இன்னும் முக்கால் மைல் இருந்தது. மூச்சு வாங்க அவர் பின்னாலேயே நடந்தேன்.